காற்றைத் தாங்கும் தோழன்

நூல் மூட்டையைச் சைக்கிளின் பின்புறம் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு வரும் நெசவாளரும், விடியுமுன் காய்கறிக் கூடையுடன் சந்தைக்குப் புறப்படும் விவசாயியும் ஓர் உண்மையை அனுபவத்தில் அறிவர். எதிர்க்காற்று வீசும்போது முன்னால் ஒருவர் செல்வாராயின், அவர் முதுகின் மறைவில் வருபவருக்கு மிதிப்பது எளிது. மேலைநாடுகளின் நெடுஞ்சாலைச் சைக்கிள் பந்தயம் இவ்வுண்மையின்மீதே நிற்கிறது. விரைந்து செல்லும் கூட்டத்தில், பின்னே வருபவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். ஆகவே வீரர்கள் குழுக்களாகவே பந்தயத்தில் இறங்குகின்றனர். குழுவுக்குத் தலைவர் ஒருவர். மற்றையோர் அவருக்காகக் காற்றைத் தாங்குவர், தண்ணீர் கொணர்வர், அவருடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பர். இத்தகைய உதவியாளரை இத்தாலியர் ‘கிரெகாரியோ’ என்பர்.

அவ்வாறு உதவியாளராகப் புகுந்து முதல்வராக வெளிவந்த இளைஞர் ஒருவரின் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிதல் நலம். அவர் பெயர் ஃபாஸ்டோ கோப்பி. 1919ஆம் ஆண்டு வட இத்தாலியில் காஸ்டெல்லானியா என்னும் சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் நோவி லிகுரே என்னும் நகரில் இறைச்சிக் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். வீடு வீடாகச் சைக்கிளில் சரக்குக் கொண்டு கொடுப்பதே பணி. கப்பலில் பணியாற்றிய சிற்றப்பா பணம் உதவ, பந்தய சைக்கிள் ஒன்று கிடைத்தது. அவர் வென்ற முதல் பந்தயத்தின் பரிசு 20 லீராவும் இறைச்சி வைத்த ரொட்டித் துண்டும்! அந்நகரில் வாழ்ந்த பியாஜோ கவன்னா என்பவர் கண்பார்வை இழந்தவர். வீரர்களின் உடலைப் பிடித்துவிடுவதில் வல்லவர். கோப்பியின் ஆற்றலை உணர்ந்து, உண்ணும் முறையையும் பயிலும் முறையையும் அவரே கற்பித்தார்.

1940ஆம் ஆண்டு கோப்பி லெக்னானோ குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் தலைவர் ஜீனோ பார்த்தாலி, இத்தாலியைச் சுற்றிவரும் ‘ஜீரோ’ பந்தயத்தை 1936இலும் 1937இலும் வென்று புகழ் பெற்றவர். அவருக்குத் துணை செய்வதே கோப்பிக்கு இடப்பட்ட கடமை. ஆனால் அவ்வாண்டு ஜீரோவின் இரண்டாம் நாளிலேயே நாய் ஒன்று குறுக்கிட, பார்த்தாலி விழுந்து காயமுற்றுப் பின்தங்கினார். பதினோராம் கட்டத்தில் கோப்பி அபெத்தோனே மலையைக் கடந்து, மொதேனா நகரை ஏறக்குறைய நான்கு நிமிட இடைவெளியில் தனியே அடைந்தார். முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை இருபது வயது உதவியாளரின் தோளில் ஏறியது!

இங்கேதான் சோதனை வந்தது. தலைவர் இப்போது தம் உதவியாளருக்கு உதவ வேண்டும். நிர்வாகி பவேசி அவ்வாறே பணித்தார். பார்த்தாலிக்கு மனம் உவந்திருக்கும் என்று எவரும் சொல்லார். எனினும் அவர் பணிந்தார். டாலமைட் மலைகளில் வயிற்று நோயால் சோர்ந்து கோப்பி பந்தயத்தை விட்டுவிட நினைத்தபோது, அவரை ஊக்கியும் கடிந்தும் முன் செலுத்தியவர் பார்த்தாலியே. ஜூன் 9ஆம் நாள் மிலான் நகரில் 2 நிமிடம் 40 விநாடி வித்தியாசத்தில் கோப்பி வென்றார். அவ்வளவு இளவயதில் ஜீரோவை வென்றவர் இன்றளவும் வேறெவருமில்லை. மறுநாளே இத்தாலி போரில் இறங்கியது. கோப்பி படைவீரராகச் சென்று 1943இல் துனிசியாவில் சிறைப்பட்டார்; போர் முடிந்து மீண்டபின் மேலும் நான்கு முறை ஜீரோவை வென்றார்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. போருக்குப் பின் இருவரும் பகைவராயினர். 1948இல் ஹாலந்து நாட்டில் நடந்த உலகப் பந்தயத்தில், ஒருவர் வெல்வதை மற்றவர் பொறாராய், ஒருவரையொருவர் கண்காணித்தே காலம் கழித்து, இறுதியில் இருவருமே பந்தயத்தை விட்டு விலகினர். பெல்ஜியத்து வீரர் ஒருவர் வென்று சென்றார். இத்தாலியச் சம்மேளனம் இருவருக்கும் தண்டனை விதித்தது. 1940இல் ஒருவர் விட்டுக்கொடுத்தார், குழு வென்றது. 1948இல் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, இருவரும் தோற்றனர்.

கணக்குத் தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும் நமக்கு இவ்வரலாறு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. ஒரு நெசவாளர் சங்கத்தில் முதிய காரியதரிசி ஒருவர் நேர்மையே வடிவானவர். ஆயினும் பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் இளையவர் எவரிடமும் அவர் கொடுத்ததில்லை. அவர் நோயுற்றுப் படுத்தபோது நாள்வழி எழுத அறிந்தவர் அங்கு இல்லை. மூன்று வாரம் நெசவாளருக்குக் கூலி பட்டுவாடா ஆகவில்லை. குற்றம் பணத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது.

இளையவர் சில காலம் பின்னே வந்து தொழில் கற்கட்டும். அவருக்கு வலிமை வந்த நாளில், முன்னே சென்றவர் அவருக்காகக் காற்றைத் தாங்கத் தயங்கலாகாது. சங்கம் வழிநடையில் நில்லாது செல்ல வேறு வழி நாம் அறியோம்.