நிறத்தின் நெறி கண்ட தமிழர்

புனே நகரின் பாஷான் பகுதியில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். அதன் முதலிரு இயக்குநர்களும் அயல்நாட்டார். அவர்களுக்குப் பின், 1957இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், சென்னையில் பிறந்த கிருஷ்ணசாமி வெங்கடராமன் ஆவார்.

அவருடைய பணியின் அருமையை உணர, சாயத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுத்து உலகுக்கு அளித்தது நம் நாடு. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் கொயினா மருந்தைச் செய்ய முயன்றார். நிலக்கரித் தாரின் வழிப்பொருளிலிருந்து எதிர்பாராமல் ஊதாச் சாயம் கிடைத்தது. 1897இல் ஜெர்மானியர் நீலத்தையும் ஆலையிலேயே ஆக்கிச் சந்தைக்குக் கொணர்ந்தனர். சில ஆண்டுகளிலேயே நம் அவுரி வயல்கள் சுருங்கின. மண்ணும் உழைப்பும் நம்மிடம் இருந்தன. மூலக்கூறின் அமைப்பைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருந்தது. அவ்வறிவே வென்றது.

அந்த அறிவை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவருள் முதன்மையானவர் வெங்கடராமன். 1901இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் மான்செஸ்டர் சென்று, இராபர்ட் இராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார். நாடு திரும்பி லாகூரில் ஆசிரியராக இருந்த காலத்தில், செடிகொடிகளுக்கு மஞ்சள் நிறம் தரும் பிளேவோன் என்னும் பொருள்களை ஆராயத் தொடங்கினார்.

இப்பொருள்களைச் சோதனைச்சாலையில் ஆக்குவது எங்ஙனம்? ஒரு மூலக்கூறில் ஆக்ஸிஜன் அணுவோடு இணைந்திருக்கும் ஓர் அணுத்தொகுதி, காரத்தின் தூண்டுதலால் இடம்பெயர்ந்து, அதே மூலக்கூறிலுள்ள கார்பன் அணுவொன்றைப் பற்றிக்கொள்கிறது. ஒரு மரத்தின் கிளையை எடுத்து, அம்மரத்திலேயே வேறோரிடத்தில் ஒட்டுவதை ஒக்கும் இது. பின்னர் அமிலம் சேர்த்தால் நீர் நீங்கி, வளையம் மூடி, பிளேவோன் உருவாகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், 1933ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் இவ்வுண்மையைத் தனித்துக் கண்டார். ஆகவே, பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம் என்றே உலக இரசாயன நூல்கள் இதனை இன்றும் குறிக்கின்றன.

1938இல் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறைக்குத் தலைமை ஏற்றார். சாயத்தை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பை அறிந்து ஆக்கவல்ல மாணவர்களை அங்கே உருவாக்கினார். 1952இல், செயற்கைச் சாயங்களின் இரசாயனம் பற்றிய அவரது ஆங்கில நூல் இரு தொகுதிகளாக வெளிவந்து, பிற்காலத்தில் எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது. சாயத் தொழிலில் முந்தி நின்ற நாடுகளிலும் அது ஆதார நூலாயிற்று. அவுரியை இழந்த நாட்டிலிருந்து அவர்களுக்கே பாடநூல் சென்றது!

1966 வரை புனே ஆய்வுக்கூடத்தை நடத்திய வெங்கடராமன், 1981இல் மறைந்தார். நேயர்களே, பாஷான் பக்கம் செல்லும்போது உங்கள் பிள்ளைகளுக்கு அவ்வாய்வுக்கூடத்தைக் காட்டுங்கள். இரசாயனம் பயிலும் பிள்ளையாயின், அப்பெயர் ஒருநாள் பாடநூலிலேயே எதிர்ப்படும். அன்று அது அயலார் பெயராகத் தோன்றாது.