வானொலிப் பொழுதுபோக்கு இன்றும் பயன் தருமா?

"உள்ளங்கையளவு கைப்பேசியில் உலகமே வந்து நிற்கும்போது, கரகரவென்று இரையும் பெட்டியோடு எதற்காக மல்லுக்கட்ட வேண்டும்?" என்று நம் தங்கவயல் இளைஞர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. மழுப்பலின்றி அதற்கு விடை கூற வேண்டுமென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில், போனதைப் போனதென்று ஒப்புக்கொள்வோம். பிழைப்பை நாடித் தமிழகத்துச் சிற்றூர்களை விட்டு இச்சுரங்கப் பூமியில் குடியேறிய நம் முன்னோர்க்கு வானொலி வெறும் பொழுதுபோக்கன்று. தாய்மொழி வீடு தேடி வந்த வழி அது. பொழுது சாய்ந்தபின் தொலைவிலுள்ள நிலையங்கள் தெளிவாகக் கேட்பது ஏன் என்பதைப் பலர் எண்ணியிருக்கமாட்டார்கள். வானத்தின் உயரத்தில் அயனி மண்டலம் என்னும் அடுக்கு உண்டு. அதன் கீழ்ப்பகுதி பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அப்பகுதி மறைந்துபோக, மேற்பகுதியில் பட்டுத் திரும்பும் அலை நெடுந்தொலைவு சென்று விழும்.

1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கிருந்த இடத்தைச் சுருக்கினார். நம் மக்கள் என்ன செய்தனர்? முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர்! மயில்வாகனனின் குரல் கடல் கடந்து வீட்டுக் குரலாயிற்று. லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்போ 1941 மே 3இல் தொடங்கி, 'தமிழோசை' எனப் புகழ் பெற்று, 2017 ஏப்ரல் 30இல் வானொலியில் ஓய்ந்தது. அதே 2017 ஜனவரி இறுதியில் ஆஸ்திரேலியாவும், அதற்கு முன்பே 2012இல் கனடாவும் நெதர்லாந்தும் தத்தம் சிற்றலை ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டன. ஆகவே, தமிழ்ச் செய்தி கேட்பதற்காக மட்டுமே இன்று ஒருவர் சிற்றலைப் பெட்டி வாங்குவாரானால் அது வீண் செலவு என்பதே நமது துணிபு. அவ்வேலையைக் கைப்பேசி செவ்வனே செய்கிறது.

ஆயின் வானொலிப் பொழுதுபோக்கு அத்துடன் முடிந்துவிடுவதன்று. இந்நாட்டில் ஒலிபரப்பு பிறந்ததே ஆர்வலர் கையிலன்றோ? 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பும் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927இல் கிளப் மூடப்பட்டபோது கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்றது. நம் மைசூரிலும் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு நிலையம் நடத்தினார். அதன் பெயர்தான் 'ஆகாசவாணி'.

அந்த ஆர்வலர் மரபின் இன்றைய வழித்தோன்றல்களே 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியார். இவர்கள் கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்கின்றனர். ஊதியம் பெறுவதில்லை, விளம்பரம் செய்வதில்லை, அரசு உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் உலகத்தோடு உறவாடுகின்றனர்.

இவர்களால் யாருக்கு என்ன பயன்? 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஒரு குழுவுடன் அந்தமான் சென்று, போர்ட் பிளேரிலிருந்து வி.யு.4 ஆர்.பி.ஐ. என்னும் அழைப்புக்குறியில் பேசிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் ஹாம் குரல் எழாதிருந்த தீவு அது. உலகெங்கும் ஆர்வலர்கள் அத்தொடர்புக்காகப் போட்டியிட்டனர். 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. முன்னாள் வரை விளையாட்டாயிருந்த அக்கருவியே, தீவிலிருந்தோர் உயிருடன் உள்ளனரா என்னும் செய்தியைத் தாய்நாட்டிலிருந்த உறவினர்க்குக் கொண்டு சேர்த்தது. பாறை வெடிப்பு நேர்ந்த நாட்களில், மேலே வரும் ஒரு சொல்லுக்காக ஷாஃப்ட் வாயிலில் காத்து நின்ற குடும்பங்கள் வாழும் ஊர் நம்முடையது. செய்தி வந்து சேர்வதன் விலையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 2005 மே 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஹாம்சாட்' என்னும் 42.5 கிலோ துணைக்கோள் இவ்வார்வலர்களுக்கென்றே இஸ்ரோ செய்தளித்தது. அதிலிருந்த இரு மறுபரப்புக் கருவிகளுள் ஒன்றை நெதர்லாந்து மாணவர் ஒருவர் ஆக்கினார். 2014 ஜூலை வரை அது உழைத்தது. மாணவன் கைவேலை வானில் சுற்றியது என்பது சிறு செய்தியா?

இரயில்வே எழுத்தராகிய நமக்கு இதில் ஒரு தனிப்பற்றும் உண்டு. ஒரு காலத்தில் நிலையந்தோறும் கடகடவென்று ஒலித்த மோர்ஸ் மொழி இரயில்வேயை விட்டு நீங்கிற்று. பொதுமக்களின் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் முடிந்தது. இன்று அம்மொழி உயிரோடிருப்பது பெரும்பாலும் ஹாம்களிடந்தான்.

நம் ஊருக்கு இது ஏன் வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலையோடு கைத்தொழில் அறிவும் கரைந்துகொண்டிருக்கிறது. விண்டிங் என்ஜின் ஓட்டியவர்கள், பிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள் ஆகியோரின் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறி பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்களுட் பலருக்குப் பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்கக்கூட வாய்ப்பில்லை. கைப்பேசியைத் திறந்து பார்க்க முடியாது. வானொலியைத் திறக்கலாம், பழுது காணலாம், மீண்டும் கட்டலாம். அப்பனுக்குத் தெரிந்ததை மகன் கேட்டறிய ஒரு காரணம் பிறக்கும்.

தொடங்க விரும்புவோர் பெருஞ்செலவில் இறங்க வேண்டா. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் வைத்துள்ள வானொலி ஏற்பியை இணையவழியே இலவசமாக இயக்கிப் பார்த்துச் சுவை உண்டா என்று அறியலாம். பிறகு சில ஆயிரம் ரூபாயில் கணினியோடு இணையும் சிறு ஏற்பியோ பழைய சிற்றலைப் பெட்டியோ போதும். கேட்ட நிலையத்திற்கு நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் குறித்து எழுதினால், சில நிலையங்கள் கியூ.எஸ்.எல். என்னும் வண்ண அட்டை அனுப்பும். சிறுவர்க்கு அதைவிட நல்ல பூகோளப் பாடம் இல்லை. பேச விரும்புவோர் மட்டும் அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றாக வேண்டும். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். பெங்களூரில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹாம்ஸ் போன்ற அமைப்புகளை அணுகி விவரம் பெறலாம்.

40 மீட்டர் வரிசைக்குப் பக்கத்திற்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் செம்புக் கம்பி போதும்; மின்கம்பிக்கு அருகே மட்டும் கட்டலாகாது. மலிவான எல்.இ.டி. விளக்குகளே இன்றைய இரைச்சலுக்குப் பெருங்காரணம். அவற்றை அணைத்துவிட்டு, இரவு உணவுக்குப் பின் முள்ளைத் திருப்புங்கள்.