ஒற்றை இலையில் ஒரு செடி

தெல்தோட்டையில் இலையை நட்டுச் செடியாக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த லயத்தில் விசாரித்தாலும் தவறணையில் வேலை செய்த ஓர் அம்மாவாவது இருப்பார். தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையைத்தான் தவறணை என்கிறோம். என் அம்மாவும் அங்கே வேலை செய்தவர். இன்று எங்கள் வீட்டு ஜன்னலோரம் நிற்கிற ஆபிரிக்க வயலட்டும் ரெக்ஸ் பிகோனியாவும் அவருடைய கைப்பழக்கத்தில் முளைத்தவை. வீட்டுச் செடி வளர்க்கும் பலர் வேர்விட மருந்து தேடிக் கடை கடையாக ஏறுகிறார்கள். அதற்கு முன் தவறணையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் திடமான எண்ணம்.

இங்கிருந்து லூல்கந்துர தோட்டம் அதிக தூரமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இலங்கையில் வியாபாரத்துக்கான தேயிலைச் செய்கை அங்கேதான் தொடங்கியது. அன்று தேயிலை விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. ஒரே செடியின் விதைகளிலிருந்து வந்த கன்றுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு செடி அள்ளி அள்ளிக் கொழுந்து தரும், பக்கத்துச் செடி சோம்பி நிற்கும். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நல்ல செடியின் குணம் மாறாமல் இன்னொரு செடி வேண்டுமென்றால் விதையை நம்ப முடியாது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஆர்.ஐ.) தலவாக்கலையிலுள்ள தன் சென் கூம்ஸ் தோட்டத்தில் இதற்கு வழி தேடியது. ஒரு கணு, அதில் ஒரு இலை, அவ்வளவே உள்ள சிறு துண்டை வேர்விடச் செய்யும் முறை தோட்டங்களுக்குப் பரவியது. எல்லோரும் வி.பி. தேயிலை என்று சொல்வது இதைத்தான். டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் நிற்கும் மலையில் ஒவ்வொரு செடியும் ஒரே முதற்செடியிலிருந்து வந்ததே.

அம்மா சொல்லும் தவறணை வேலை விடியற்காலையில் தொடங்கும். வெயில் ஏறுமுன் தாய்ச்செடியிலிருந்து கிளையை வெட்டுவார்கள், ஏனென்றால் இரவெல்லாம் தண்ணீர் குடித்து இலை விறைப்பாக நிற்கும் நேரம் அது. வெட்டிய கிளையை உடனே தண்ணீரில் போடுவார்கள். நுனியில் இருக்கும் இளசு அழுகிவிடும், அடியில் இருக்கும் முற்றல் வேர்விடச் சுணங்கும், ஆகவே இரண்டையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை எடுப்பார்கள். கூரான கத்தியால் இலைக்குச் சற்று மேலே ஒரு வெட்டு, கீழே ஓர் அங்குலத்துக்கு மேல் தண்டு விட்டுச் சரிவாக இன்னொரு வெட்டு. தண்டு நசுங்கக் கூடாது. மண் நிரப்பிய பொலித்தீன் உறையில், இலை மண்ணில் படாமல், கணுவின் மொட்டு புதையாமல் அன்றைக்கே நட்டுவிட வேண்டும். தண்ணீர் தெளித்து, மேலே பொலித்தீன் கூடாரம் போட்டு மூடி, அதற்கும் மேலே நிழல் கட்டுவார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில் கூடாரம் மூடியே இருக்கும்.

ஏன் இத்தனை மூடல்? அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்த நேரத்துல இலைக்குக் குடிக்க வாய் இல்ல புள்ள. வேர்வையா போற தண்ணியையாவது நாமதான் புடிச்சு வைக்கணும்."

தாவரவியல் சொல்வதும் அதையேதான். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கின்றன. செடி அவற்றின் வழியாகக் காற்றை உள்ளே எடுக்கும்போது நீராவி வெளியே போய்க்கொண்டே இருக்கும். வேர் இருந்தால் போன தண்ணீருக்கு ஈடு கிடைக்கும். வெட்டிய இலைக்கு அந்த ஈடு இல்லை. வாடல் என்பது இந்தக் கணக்கில் வரும் குறைதான். சட்டியில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதால் குறை தீராது. வெட்டுவாய் ஈரத்தில் ஊறி அழுகும், அழுகினால் கொஞ்சநஞ்சம் உறிஞ்சுவதும் நின்றுவிடும். மண்ணில் மிதமான ஈரமும் இலையைச் சுற்றியுள்ள காற்றில் நிறைந்த ஈரமும் வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் இலை வாடாது.

வீட்டில் கூடாரத்துக்கு எங்கே போவது என்று நினைக்க வேண்டாம். அடி வெட்டிய பெரிய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தால் போதும். ஒளி ஊடுருவும் பையை இரண்டு ஈர்க்குகளின் மேல் போர்த்தினாலும் சரி. நேர்வெயில் படவே கூடாது, மூடியின் உள்ளே சூடேறி இலை வெந்துவிடும். கிழக்கு ஜன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். நடும் கலவைக்குக் கழுவிப் பிழிந்த தும்புத்தூளும் ஆற்று மணலும் சம பங்கு போதும். கையால் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையே நல்ல சட்டி. எங்கள் பக்கம் தை, மாசியில் பகல் காற்று உலர்ந்து வீசும். அந்த மாதங்களில் மூடியை எடுக்க அவசரப்படாதீர்கள்.

ஆபிரிக்க வயலட் தொடங்குவதற்கு நல்ல செடி. இன்றைய தான்சானியாவின் உசம்பரா மலைகளில் வளர்ந்த இது, 1890களில் ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நடு வரிசையிலிருந்து முற்றாத, மிக இளசும் அல்லாத இலை ஒன்றை எடுத்து, காம்பை ஓர் அங்குலம் விட்டுச் சரிவாக வெட்டிக் கலவையில் செருகுங்கள். இலை முழுக்க மென்மயிர் இருப்பதால் அதன்மேல் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ஒரு மாதத்தில் வேர் வரும். அதன் பின் ஒன்றிரண்டு மாதத்தில் காம்படியில் குஞ்சுச் செடிகள் எட்டிப் பார்க்கும். ரெக்ஸ் பிகோனியா இன்னும் அதிசயம். அசாம் காட்டிலிருந்து உலக வீடுகளுக்கு வந்த செடி அது. இலையின் அடிப்பக்க நரம்புகளை அங்கங்கே அறுத்து, ஈரக் கலவையின்மேல் படுக்கவைத்து, சிறு கற்களால் அழுத்தினால் அறுத்த இடங்களில் புதுச்செடிகள் எழும். ரணகள்ளி இலைக்கு இந்த உபசாரம் ஒன்றும் வேண்டாம். மண்ணில் விழுந்தால் விளிம்பிலேயே குட்டி போடும்.

பெருமருளுக்கு முறை வேறு. தடித்த இலைக்குள்ளேயே தண்ணீர் சேமிப்பு இருப்பதால் வாடல் பயமில்லை, அழுகல்தான் பயம். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு வைத்துவிட்டு நடுங்கள். மூடி போடாதீர்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது, ஆகவே வெட்டும்போதே அடிப்பக்கத்தில் அடையாளம் போடுங்கள். மஞ்சள் விளிம்புள்ள வகையை இலையிலிருந்து வளர்த்தால் வருவது வெறும் பச்சைச் செடி. மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எல்லா இலையும் செடியாகாது. மணி பிளாண்ட் இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தால் வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும். ஆனால் அதிலிருந்து தளிர் ஒருநாளும் வராது. ரப்பர் செடியின் தனி இலையும் அப்படித்தான். தளிர் எழும்ப வேண்டிய மொட்டு இலைக்காம்பும் தண்டும் சேரும் கணுவில் இருக்கிறது. தவறணையில் இலையைத் தனியாகக் கிள்ளாமல் கணுத் தண்டோடு வெட்டுவது அதனால்தான். வயலட், பிகோனியா போன்ற சில செடிகளுக்குத்தான் மொட்டில்லாத இலையிலும் புது மொட்டை உண்டாக்கும் திறன் உண்டு. கணு வேண்டிய செடி எது, வேண்டாத செடி எது என்று தெரிந்துகொண்ட பிறகு கத்தியை எடுங்கள்.

மணி பிளாண்ட் போத்தல் வைக்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். வாரத்தில் இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஈர மணலில் நடுங்கள்.

வேர்விட்ட பிறகும் செடி வாடலாம். பெரும்பாலும் மூடியை ஒரேயடியாக எடுப்பதால் வரும் வாடல் அது. தவறணையில் கூடாரத்தைச் சிறுகச் சிறுகத்தான் திறப்பார்கள். போத்தல் மூடியை முதலில் கழற்றுங்கள், சில நாள் கழித்துப் போத்தலைக் கொஞ்ச நேரம் தூக்கி வையுங்கள், இலை தொய்யாமல் நின்றால் நேரத்தைக் கூட்டுங்கள். வளர்ந்த செடி வாடினால் தண்ணீர் ஊற்றுமுன் சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமில்லாமல் இருந்தால் தாகம். மண் ஈரமாய்க் கனத்திருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அப்போது செடியைப் பெயர்த்து, கறுத்த வேரை வெட்டி, புதுக் கலவையில் வையுங்கள். அதிலும் தேறாவிட்டால் நல்ல இலை ஒன்றை எடுத்து மறுபடி நடுங்கள்.

இத்தனையும் எங்கள் தோட்டத்துப் பெண்களின் கையில் இருக்கிற கல்வி. அவர்கள் சம்பளச் சீட்டில் அது வெறும் ஒருநாள் பேராக, ஒரு நாள் வேலைக் கணக்காகத்தான் எழுதப்பட்டது. கண்டி, பேராதனைப் பக்கம் செடி விற்கிற இடங்களில் ஒரு சட்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் இந்தக் கைவேலைக்கான விலையும் இருக்கிறது. மலையகப் பாடசாலைகளில் விவசாயம் படிப்பிக்கிற ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தவறணையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவை வகுப்புக்கு அழையுங்கள். பிள்ளைகள் முன்னால் அவர் கையில் கத்தியையும் ஒரு கிளையையும் கொடுங்கள். வந்தவருக்குரிய கூலியையும் கொடுத்து அனுப்புங்கள்.