நெற்றி உயரக் கம்பு

திருமலைக் கோயில் மலையை மேகம் மூடியிருந்தது. ஆனி, ஆடியில் பண்பொழியில் இப்படித்தான். வெயிலடிக்கும்போதே சாரலும் விழும். தென்னந்தோப்பில் வழுக்காத இடமாகப் பார்த்துச் சிலம்ப ஆசான் பிள்ளைகளை நிறுத்தினார். ஏழாவது படிக்கும் சிறுமி ஒருத்தி அண்ணனின் கம்போடு வந்திருந்தாள். வாங்கி நட்டுப் பார்த்தார். அவள் நெற்றியைத் தாண்டி ஒரு சாண் நின்றது.

"இது ஒங் கம்பு இல்ல பிள்ள. இதச் சுத்துனா, கம்புதான் ஒன்னச் சுத்தும்."

அன்றைக்கு அவளுக்குக் காலடி மட்டும்தான்.

கம்பு நெற்றி உயரம் என்பது சிலம்பத்தின் பழைய கணக்கு. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்று முதல் நாளே ஒத்துக்கொள்ளும் கலை இது. பாடமும் அப்படித்தான் மாற வேண்டும். குட்டையானவன் உள்ளே புகுந்து முழங்காலைத் தேடுவான். நெட்டையன் தள்ளி நின்றே தலையைத் தொடுவான். இருவருக்கும் ஒரே வரிசையை ஒரே வேகத்தில் சொல்லிக் கொடுத்தால் இருவரும் கெட்டார்கள்.

பண்பொழி இருக்கும் செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்துக்கு வந்தது. அந்தப் பக்கத்துத் தெற்கத்தி மரபில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலை சொல்லிக் கொடுக்கும் ஆசானே வர்மமும் பார்ப்பார், எண்ணெய் போட்டுத் தடவியும் விடுவார். எந்தப் பிள்ளையின் தோள் எவ்வளவு தாங்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

இன்றைக்கு அந்த விரலுக்கு வேலையில்லாமல் போகிறதே என்பதுதான் என் கவலை. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. நல்ல காரியங்கள். ஆனால் கூடவே சாதனை மோகமும் வந்துவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்று, பானைமேல் நின்று சுற்று, மணிக்கணக்கில் நிறுத்தாமல் சுற்று. ஆறு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு அதற்காகவா முளைத்தது? கேடயம் வாங்கி வந்த பிள்ளையின் எதிரே ஒருவர் கம்பைத் தூக்கினால், கால் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. சுற்றத் தெரிகிறது; விலகத் தெரியவில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்கிறார்கள் சில பயிற்சியாளர்கள். இருக்கலாம். அதற்காகத் தோளைப் பலி கொடுக்க முடியாது.

பண்பொழி ஆசான் அன்று கடைசி அரைமணி நேரம் செய்ததை எல்லா ஊரிலும் செய்யலாம். பள்ளி விட்டுத் தனியே நடந்து வரும் பிள்ளை கையில் கம்பு இருக்காது. சாரல் காலத்தில் குடை இருக்கும். மடக்கிய நீளக் குடையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். கையைப் பற்ற வருகிறவன் மணிக்கட்டில் ஓர் அடி, பின்னங்கால் வாங்கி ஒரு விலகல், பிறகு வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் ஓட்டம். ஓடுவதையும் பாடமாகவே நடத்தினார். கம்பைக் கீழே வைத்த அந்தச் சிறுமிதான் மூன்று தடவையும் முதலில் ஓடினாள். நாலாம் தடவை, "நீ ஓங்குன கையையே பாக்க. என் தோளப் பாரு, கை எங்க வரும்னு தோளு முன்னாலயே சொல்லிரும்" என்றார்.

மறுவாரம் போனபோது அவளுக்கென்று ஒரு மூங்கில் தயாராக இருந்தது. நெற்றிப் பொட்டில் விரல் வைத்து அளந்து, மிச்சத்தை அரிவாளால் தறித்துப் போட்டார்.