திடீர்ச் செலவும் நமது சேமிப்பும்



சேமிப்பைப் பற்றிப் பேசப் போனால் லயத்து வாசலில் முதலில் கேட்கிற பேச்சு இதுதான்: "வாங்குற சம்பளம் கடைக் கொப்பிக்கே பத்தல, இதுல என்னத்த சேக்கிறது ஐயா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நமது தோட்டங்களில் சேர்க்கத் தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை. சீட்டுப் பிடிக்கிறோம், உண்டியல் வைக்கிறோம், கையில் கொஞ்சம் காசு வந்தால் பிள்ளைக்கு ஒரு தோடு வாங்கி வைக்கிறோம். சேர்க்கிறோம், சேர்த்தது நிற்கிறதில்லை. நடுவில் ஏதாவது ஒரு செலவு வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் சாதாரண தரம் படிக்கிறாள். பாஸ் பண்ணினால் டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்க வைக்க வேண்டும். 11ஆம் வகுப்பு வரைக்கும் பாடப்புத்தகம் இலவசமாக வருகிறது, அதற்குப் பிறகு புத்தகம் நாம்தான் வாங்க வேண்டும். பஸ் காசு, வகுப்புக் காசு, சப்பாத்து, கொப்பி எல்லாம் சேர்த்து முதல் வருஷத்துக்கு 72,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும் என்று தாய் கணக்குப் போடுகிறாள். மாதம் 4,000 வீதம் 18 மாதம். கணக்கு சரி. ஐந்து மாதம் ஒழுங்காகப் போட்டு 20,000 சேர்ந்துவிட்டது. ஆறாவது மாதம் மாமியாருக்கு நெஞ்சுவலி. ராத்திரியில் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது, வெளியில் இரத்தம் சோதித்தது, பார்க்கப் போய் வந்த பஸ் செலவு, வேலைக்குப் போகாமல் விட்ட பேர் என்று 9,000 போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வது இலவசம் இல்லை என்று மலையில் இருக்கிற நமக்குத் தெரியும்.

இனிமேல் நடக்கிறதைத்தான் கவனிக்க வேண்டும். மிச்சம் 11,000 இருக்கிறது. "இனி எங்க 72,000 சேரப் போகுது" என்று மனசு விட்டுப் போகிறது. அடுத்த மாதம் போடவில்லை. அதற்கடுத்த மாதம் தீபாவளி. அந்த 11,000 உடுப்பாகவும் பலகாரமாகவும் போய்விடுகிறது. மாமியாரின் வருத்தம் எடுத்தது 9,000தான். மற்ற 11,000 மனசு விட்டதால் போனது. பல வருஷமாகப் பல குடும்பங்களில் நான் பார்க்கிற கதை இது. செலவு வந்து சேமிப்பைக் குறைக்கிறது ஒரு பங்கு, "உடைஞ்சது உடைஞ்சு போச்சு" என்று நாமே மிச்சத்தையும் உடைக்கிறது இரண்டு பங்கு.

அதனால் முதல் வேலை, மாதம் 4,000 என்கிற கணக்கை மாற்ற வேண்டும். நமக்கு மாதச் சம்பளம் கிடையாது, பேருக்குத்தான் சம்பளம். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து நிறைய வரும், பேரும் நிறைய விழும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தை, மாசி வெயிலில் கொழுந்து குறையும். ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் அதே கதை. பதின்மூன்று பேர் விழுந்த மாதத்திலும் 4,000 போட வேண்டும் என்றால் அந்த மாதமே சேமிப்பு உடையும். ஆகவே பேருக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருக்கு 200 ரூபாய் என்றால் 20 பேர் விழுந்த மாதம் 4,000, 13 பேர் விழுந்த மாதம் 2,600. குறைந்தாலும் சொன்ன சொல் தவறவில்லை. 72,000 ரூபாய்க்கு 360 பேர். இப்படி எண்ணினால் மாதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, செக்ரோலைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வேலை, அந்த 200ஐ இரண்டாகப் பிரிப்பது. 150 மகளின் படிப்புக்கு. 50 திடீர்ச் செலவுக்கு, வேறு டின்னில், வேறு பேரில். திடீர்ச் செலவு டின்னில் 10,000 சேரும் வரைக்கும் இப்படிப் போடுங்கள். அதற்கு 200 பேர் வேண்டும், அதாவது ஏறத்தாழ பத்து மாதம். அந்த நேரம் படிப்புக் காசு 30,000 ஆகியிருக்கும். பிறகு முழு 200உம் படிப்புக்கே போகட்டும். மிச்சம் 42,000க்கு 210 பேர். எல்லாம் சேர்த்து 410 பேர், இருபதரை மாதம். முதல் கணக்கை விட இரண்டரை மாதம்தான் அதிகம். நடுவில் 6,000 எடுக்க வேண்டி வந்தால் அதைத் திருப்பி நிரப்ப இன்னும் 30 பேர், ஒன்றரை மாதம். அவ்வளவுதான் நஷ்டம். மகளின் காசில் கை படவில்லை.

"பத்து மாதத்துக்கு முந்தியே வருத்தம் வந்தா?" என்று கேட்பீர்கள். வரும். அப்போது டின்னில் இருக்கிறதை முதலில் எடுங்கள், பற்றாததைப் படிப்புக் காசில் இருந்து எடுங்கள். எடுக்கிறதில் குற்றம் இல்லை, உயிரை விடப் பெரிய காரியம் எதுவும் இல்லை. ஆனால் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, தொகை, என்னத்துக்கு. வெளியில் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறோம் அல்லவா? அதே மாதிரி மகளிடம் வாங்கிய கடன் என்று நினைத்து, அடுத்த மாதத்தில் இருந்து பேருக்கு இருபது முப்பது ரூபாய் கூடப் போட்டு நிரப்புங்கள். முக்கியமானது, காசு எடுத்த அதே மாதத்திலும் ஏதாவது போடுவது. 500 ரூபாய் என்றாலும் சரி. கை பழக்கம் விட்டுப் போகக் கூடாது.

சிலர் இதற்கு எதிர்மாறாகச் செய்கிறார்கள். புத்தகத்தில் 20,000 இருக்கும். அதைத் தொட மனசு வராமல் வட்டிக்குப் போவார்கள். 8,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு எடுத்தால் மாத வட்டி 800. பேங்கில் இருக்கிற 20,000க்கு வருஷத்துக்கு 6 வீதம் வட்டி என்று வைத்தாலும் மாதத்துக்கு வருவது 100 ரூபாய். நூறு ரூபாயைக் காப்பாற்ற எண்ணூறு ரூபாய் கட்டுகிறோம்! வட்டிக்காரர் வீட்டுக்குப் போகும் முன்னே நம்ம புத்தகத்தைத் திறந்து பார்ப்பதுதான் புத்தி. இதைவிட மோசம், சம்பளம் விழுகிற பேங்க் அட்டையையும் இரகசிய நம்பரையும் கடன் கொடுத்தவர் கையில் ஈடாகக் கொடுப்பது. அட்டை போன பிறகு சேமிப்பு என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் திடீர்ச் செலவு என்று சொல்லுகிற எல்லாமே திடீர் இல்லை. தீபாவளி வருஷா வருஷம் வருகிறது. தோட்டத்துத் திருவிழாவும் அப்படித்தான், பிள்ளைக்குப் புது வகுப்பும் அப்படித்தான். தென்மேல் மழைக்கு முன்னே கூரைத் தகரம் ஓட்டை என்று நமக்கே தெரியும், தெரிந்துகொண்டே மழை ஒழுகும் வரைக்கும் விடுகிறோம். ஒரு கலண்டரை எடுத்து இவற்றை எல்லாம் மாதம் மாதமாகக் குறித்துப் பாருங்கள். தீபாவளி முற்பணம் எடுத்தால் பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதையும் குறியுங்கள். குறித்து முடித்தால் மிஞ்சுகிற உண்மையான திடீர்ச் செலவு மூன்று நாலுதான்: வருத்தம், சாவு, விபத்து, வீடு இடிவது. சாவுச் செலவுக்கு மரண உதவிச் சங்கம் இருக்கிற தோட்டங்களில் சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்கு மொய் எழுதுவது திடீர்ச் செலவு இல்லை, அது கௌரவச் செலவு. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 5,000 எழுத வேண்டிய இடத்தில் 2,000 எழுதினால் உறவு அறுந்து போகாது. தவறணைக் கணக்கை நான் எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை, அதை ஐயாமார்களே சொல்லட்டும்.

சீட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கட்டாயமாகக் காசு கட்ட வைப்பதால் சீட்டு நல்லதுதான். ஆனால் திடீர்ச் செலவுக்குச் சீட்டு உதவாது. வருத்தம் நம்ம முறை வரும் வரைக்கும் காத்திருக்காது. சீட்டுப் பிடிக்கிறவர் ஊரை விட்டுப் போனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

சேவைக்காலக் காசை எடுத்துவிடலாமே என்று நினைக்கிறவர்களும் உண்டு. சம்பளத் துண்டைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதையே உதாரணமாக வைத்தால் 20 பேருக்கு 27,000. இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், 2,160 ரூபாய். தோட்டம் போடுவது 12 வீதம், 3,240 ரூபாய். மாதம் 5,400 ரூபாய் நம் பேரில் சேருகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் போடுகிற 3 வீதம், 810 ரூபாய், இதற்கு வெளியே. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன்னே 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் காசு கட்டியிருக்க வேண்டும், கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோதான் எடுக்கலாம். பெரிய ஒப்பரேஷன் என்றால் யோசிக்கலாம். வேன் கூலிக்கும் மொய்க்கும் நினைக்கிற காசு அது இல்லை, கிழட்டு வயதில் கஞ்சி குடிக்க வேண்டிய காசு.

சில அடி டின்னால் தாங்க முடியாதது. 2022இல் சாமான் விலை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். 2021இல் போட்ட 72,000 கணக்கு அப்போது ஒன்றுக்கும் காணாது. அப்படிப்பட்ட காலத்தில் கணக்கைக் கிழித்துப் போடாமல் திருத்தி எழுதுங்கள். மகளை விடுதியில் விடுகிற எண்ணத்தை மாற்றிப் பஸ்ஸில் அனுப்பலாம், ஆறு மாதம் கூட எடுக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்தபோது உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள் நம்மில் உண்டு. டின்னில் இருந்த காசு மண்ணோடு போகும். பேங்கில் இருந்த காசு போகாது. ஆகவே டின்னில் ஒன்றிரண்டாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாஸ் புத்தகம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

கணக்குத் திறக்க டவுனுக்கே போக வேண்டும் என்பதில்லை. தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபால் கந்தோரிலும் திறக்கலாம். கணக்கு, காசு சேர்க்கிறவர் பேரில் இருக்கட்டும். கொழுந்து பறித்துச் சேர்த்தது மனைவி என்றால் புத்தகமும் மனைவி பேரில்தான். அடையாள அட்டை இல்லாததால் கணக்குத் திறக்க முடியவில்லை என்று சொல்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழோடு கிராம சேவகரிடம் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழும் இல்லை என்றால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம். வரும்போது போன மூன்று மாதச் சம்பளத் துண்டையும் கையோடு கொண்டு வந்தால், பேருக்கு எவ்வளவு போடலாம் என்பதையும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.