பிரேக் அடிச்சாதான் ஃபர்ஸ்ட்டு!

ரேஸ் ட்ராக்கில் ஓடுற காருக்கு முன்னாடி எந்த பேடு... பின்னாடி எந்த பேடு? வாங்க, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்!

‘‘மாப்ள, அந்த கார் எவ்ளோ ஸ்பீடு போகும்?’’

பாளையங்கோட்டையில் எந்த ஹாஸ்டல் ரூமில் கார் பேச்சு ஆரம்பிச்சாலும் முதல் கேள்வி இதுதான். ‘‘சரி, அது எவ்ளோ தூரத்துல நிக்கும்?’’னு எவனாவது கேட்டிருக்கானா? ம்ஹூம்! 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் டீம் 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடிச்சப்போ, நம்ம பசங்க விடிய விடிய கண் முழிச்சுப் பேசினதெல்லாம் போர்ஷே காரோட வேகத்தைப் பத்திதான். ஆனா, ட்ராக்குல ஜெயிக்கிறவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்துறவன் மட்டுமில்லை மக்களே... மத்தவனைவிட லேட்டா பிரேக்கை அழுத்திட்டு, வளைவுக்குள்ள ஒழுங்கா நுழையறவன்!

அந்த வித்தையில் பாதி டிரைவர் கையில்... ஸாரி, காலில். மீதி, உள்ளங்கை அகலம்கூட இல்லாத பிரேக் பேடில். அதுவும் முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு ஒரு கணக்கு, பின்னாடி ரெண்டுக்கு வேற கணக்கு. ‘இருக்கிறதுலயே காஸ்ட்லி பேடா நாலு சக்கரத்துக்கும் மாட்டு’ன்னு சொல்ற கதையெல்லாம் இங்கே செல்லாது!

டவுன் பஸ் தத்துவம்

பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷன் போற டவுன் பஸ்ஸில் நின்னுக்கிட்டே போயிருக்கீங்களா? வண்ணார்பேட்டையில் டிரைவர் அண்ணாச்சி சடார்னு பிரேக் போட்டா, பின்னாடி நிக்கிற கூட்டம் மொத்தமா முன்னாடி வந்து சாயும். காருக்கும் அதேதான். பிரேக் அடிக்கும்போது எடை முன் சக்கரங்களுக்குப் போகும். பின் சக்கரங்கள் லேசாகிவிடும்.

எவ்வளவு? காரோட எடை 1,400 கிலோ. முன், பின் அச்சுக்கு நடுவே 2.5 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். நல்ல டயர் போட்டு ட்ராக்கில் முழு பிரேக் அடிச்சா, வேகம் குறையற விகிதம் புவியீர்ப்பு முடுக்கம் அளவுக்கே, அதாவது 1 ஜி வரை வரும். அப்போ முன்னாடி நகர்ற எடை 1,400 X 0.5 ÷ 2.5 = 280 கிலோ.

இன்ஜின் முன்னாடி இருக்கிற காரில் சும்மா நிக்கும்போது எடை 60:40. அதாவது முன்னாடி 840, பின்னாடி 560. பிரேக் அடிச்சதும் அது 1,120 - 280 ஆகிடும். 80:20! இன்ஜினைப் பின்னாடி வெச்சிருக்கிற போர்ஷே 911 மாதிரி காரில் கதையே வேற. நிக்கும்போது 40:60ன்னு வெச்சுக்கிட்டா, பிரேக் அடிக்கும்போது 60:40. அதோட பின் பிரேக்குகளுக்கு டபுள் டியூட்டி. அதனால ‘அவன் காருக்கு போட்ட அதே ஜோடி பேடு என் காருக்கும்’கிறது, ஃப்ரெண்டோட பவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிற மாதிரி!

அஞ்சு லிட்டர் வெந்நீர்

பிரேக்கோட வேலை, வேகத்தைச் சூடா மாத்துறது. அவ்வளவுதான். 180 கி.மீ. வேகத்தில் வர்ற அந்த 1,400 கிலோ காரை, ஒரு வளைவுக்கு முன்னாடி 72 கி.மீ.க்குக் கொண்டு வர்றோம். சுமார் 14.7 லட்சம் ஜூல் சக்தி, பெரும்பாலும் சூடாக, டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கும். 30 டிகிரியில் இருக்கிற அஞ்சு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரே ஒரு தடவை பிரேக் அடிச்சதுக்கு! இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கோட நீளம் 3.7 கி.மீ. ஒரு சுற்றில் பல வளைவு, ஒரு ஓட்டத்தில் பல சுற்று. டிஸ்க் ஆறுறதுக்குள்ள அடுத்த பிரேக்!

பேடுக்கும் ஒரு மூடு இருக்கு

ஒவ்வொரு பேடுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. நம்ம வீட்டு காரில் இருக்கிற சாதாரண பேடு, காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனேயே நல்லா பிடிக்கும். ஆனா 300, 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அதிலிருக்கிற பிசின் கருக ஆரம்பிச்சு, பிடி வழுக்கும். காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிக்காது. இதுக்குப் பேர் ‘ஃபேட்’.

ட்ராக் பேடு நேர் எதிர். 600 டிகிரியிலும் அசராது. ஆனா சூடேறாதப்போ மந்தம். அதைப் போட்டுக்கிட்டு முருகன்குறிச்சி சிக்னலுக்கு வந்தா? முதல் பிரேக்குல நிக்க வேண்டிய இடத்தில் நிக்காம, முன்னாடி போற ஆட்டோவுக்கு முத்தம் கொடுக்கும். ‘ரேஸிங் பேடு போட்டிருக்கேன்’னு ரோட்டுல பந்தா காட்டுறவங்க கொஞ்சம் யோசிங்க பாஸ்... சைக்கிள்ல குறுக்கே வர்ற சின்னப் பையனுக்கு உங்க பேடு சூடேறுற வரைக்கும் டைம் கிடையாது.

கடையில் வாங்கும்போது பேடோட விளிம்பைப் பாருங்க. பல பேடுகளில் ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு, ரெண்டாவது நல்லா சூடானப்போ எவ்வளவு. ‘இ’ன்னா 0.25 முதல் 0.35. ‘எஃப்’ன்னா 0.35 முதல் 0.45. ‘ஜி’ன்னா 0.45 முதல் 0.55. ‘எஃப் இ’ன்னு இருந்தா சூட்டில் பிடி குறையுதுன்னு அர்த்தம். ஆனா இந்த டெஸ்ட் சுமார் 340 டிகிரியோட முடிஞ்சிடும். ட்ராக்கோட ஆட்டமே அதுக்கு மேலதான். அதனால ட்ராக் பேடுக்கு எழுத்து மட்டும் பத்தாது; கம்பெனி தர்ற வெப்பம்-உராய்வு கிராஃபையும் கேட்டு வாங்குங்க.

பின்னாடி முந்தினா அம்பேல்

இதுதான் மேட்டரே. முன் சக்கரம் லாக் ஆனா ஸ்டீயரிங் கேட்காது. வண்டி நேரா போகும். பயமாத்தான் இருக்கும். ஆனா காலை லேசா எடுத்தா கன்ட்ரோல் திரும்ப வரும். பின் சக்கரம் முதலில் லாக் ஆச்சுன்னா? பின்பக்கம் பக்கவாட்டுப் பிடியை இழந்து, வண்டி அப்படியே சுத்தி, வந்த வழியைப் பார்த்து நிக்கும். நிக்குமான்னுகூட சொல்ல முடியாது!

ஒரு பேடு மாத்தினா இது நடக்குமா? நடக்கும். கம்பெனி பிரேக் பங்கை 82:18ன்னு வெச்சிருக்குன்னு எடுத்துக்குவோம். முழு பிரேக்கில் பின் அச்சு தாங்குற எடை 20 சதவிகிதம். 18, 20-க்குள்ள இருக்கு. ஸேஃப்! இப்போ பின்னாடி மட்டும் 0.4 உராய்வு பேடை எடுத்துட்டு 0.5 போடுறோம். 18 என்பது 22.5 ஆகிடும். மொத்தம் 104.5. பின் பங்கு 21.5 சதவிகிதம். 20 தாங்குற இடத்தில் 21.5! பின் சக்கரம்தான் முதலில் லாக் ஆகும்.

முன்னாடி மட்டும் மாத்தினா? 102.5-க்கு 18. கிட்டத்தட்ட 85:15. வண்டி சுத்தாது. ஆனா பின் டயர் சும்மா வேடிக்கை பார்க்கும். மொத்தச் சூடும் முன்னாடி. நிக்கிற தூரமும் கூடும். ஏ.பி.எஸ். இருக்கிற காரில் கம்ப்யூட்டர் இதைச் சமாளிக்கும்தான். ஆனா ஒவ்வொரு வளைவிலும் அது குறுக்கே வந்தா, டிரைவருக்கு பிரேக் மேல நம்பிக்கையே போயிடும்.

அப்போ எப்படித்தான் செலக்ட் பண்றது?

முதலில் சூட்டை அளக்கணும். குறிப்பிட்ட டிகிரியில் நிறம் மாறும் பெயின்ட் இருக்கு. டிஸ்க் விளிம்பில் தடவிட்டு நாலு சுற்று ஓட்டினா, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். முன் டிஸ்க்கோட உச்ச சூட்டைத் தாங்குற பேடை முதலில் முடிவு பண்ணுங்க.

அடுத்து பின்னாடி. அதே பேடில் ஆரம்பிக்கலாம். பின் டிஸ்க் அந்த பேடு வேலை செய்ற சூட்டுக்கே வரலைன்னா, குறைஞ்ச சூட்டிலேயே பிடிக்கிற பேடுக்கு மாறணும். ஆனா உராய்வு எண் முன் பேடைவிட ஏறக் கூடாது. பிரேக் அடிக்கும்போது வால் ஆடுதா? பின்னாடி ஒரு படி குறைஞ்ச உராய்வு போதும். ரேஸ் கார்களில் முன், பின் பங்கை மாத்த தனி வசதி உண்டு. நம்மகிட்ட இருக்கிற காரில் அந்த வேலையை பேடுதான் பண்ணணும். பின்னாடி டிரம் பிரேக் இருக்கிற கார்னா இன்னும் கவனம். முன்னாடி பேடை ஏத்திக்கிட்டே போனா, பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும்.

காஸ்ட்லி பேடு... கவிழ்த்துவிடும் டெஸ்ட்!

இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கார் கட்டி மோதும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி, கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடக்குது. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் ஒரு பிரேக் டெஸ்ட் உண்டு. வேகமா வந்து பிரேக் அடிச்சா நாலு சக்கரமும் லாக் ஆகணும்; வண்டி நேரா நிக்கணும். பாஸ் ஆகலைன்னா, ஓட்டப் போட்டிகள் எதிலுமே கலந்துக்க முடியாது. ஒரு வருஷ உழைப்பு கோவிந்தா!

டிரைவரோட சேர்த்து அந்த கார் 300 கிலோ. 72 கி.மீ.யிலிருந்து 36-க்கு வந்தா வெறும் 45,000 ஜூல். முன்னாடி பார்த்த காரோட கணக்கில் 30-ல் ஒரு பங்குக்கும் கம்மி. பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செஞ்ச ட்ராக் பேடை இதில் போட்டா சூடே ஏறாது. சூடேறாத பேடு பிடிக்காது. காஸ்ட்லி பேடு போட்ட வண்டி வழுக்கும். சாதாரண பேடு போட்ட வண்டி நச்சுனு நிக்கும்!

நம்ம ஊர் கனெக்‌ஷன்

டி.வி.எஸ். நிறுவனத்தை ஆரம்பிச்ச டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம திருக்குறுங்குடியில்! அந்தக் குழுமத்தில் உருவானதுதான் சென்னை பாடியில் இருக்கிற ‘பிரேக்ஸ் இந்தியா’ (1962). ‘சுந்தரம் பிரேக் லைனிங்ஸ்’ கம்பெனியும் அதே பரம்பரைதான். ஐ.டி. கம்பெனி வாசலில் மட்டும் வரிசை கட்டாம, உராய்வுப் பொருள்னு ஒரு ஏரியா இருக்குன்னு மெக்கானிக்கல், மெட்டலர்ஜி, கெமிஸ்ட்ரி மக்கள் கொஞ்சம் திரும்பிப் பாருங்க.

ட்ராக்குக்குப் போறீங்களா?

* பிரேக் ஆயிலை மாத்திட்டுப் போங்க. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிட்டா அதுவே 155 வரை இறங்கிடும். ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்போ எந்த பேடும் காப்பாத்தாது.

* புது பேடோட நேரா ரேஸ் வேணாம். மிதமான வேகத்தில் பல தடவை பிரேக் அடிச்சு, பேடோட மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராப் படிய விடுங்க. அப்புறம் ஆற விடுங்க.

* ஒரே அச்சில் இடது ஒரு பேடு, வலது ஒரு பேடு... நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க!

* பாதிக்கு மேல தேய்ஞ்ச பேடு, சூட்டை சீக்கிரமா ஆயிலுக்குக் கடத்தும். ட்ராக்குக்கு அது லாயக்கில்லை.

* கடைசி சுற்றை மெதுவா ஓட்டி டிஸ்க்கை ஆற வைங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாம, கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வைங்க. சூட்டோட பேடு டிஸ்க்கில் ஒட்டித் தடம் பதிச்சா, அடுத்த நாள் பெடல் உதறும்.

* வீட்டுக்குக் கிளம்பும் முன் ட்ராக் பேடைக் கழட்டி ரோடு பேடை மாட்டுங்க. ஒரு மணி நேர வேலைதான்.

அடுத்த தடவை எவனாவது ‘இந்த கார் 250 போகும் தெரியும்ல?’ன்னு அளந்து விட்டா, அமைதியா ஒரே ஒரு கேள்வி கேளுங்க... ‘‘முன்னாடி என்ன பேடு மக்கா, பின்னாடி என்ன பேடு?’’

- மாணவ நிருபர், பாளையங்கோட்டை