எழுதியதைக் காத்தல்

கணிப்பொறித் திரையில் தோன்றும் எழுத்து, ஏட்டில் பொறித்த எழுத்தைப் போன்றதன்று; தட்டச்சுச் செய்யும்பொழுது அது தற்காலிக நினைவகத்திலேயே தங்குகிறது. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் வெறுமையாகும். மாலை முழுதும் வருந்தி எழுதிய கட்டுரையும் உடன் மறையக்கூடும். ஆதலின், பத்தி ஒன்று முடிந்தவுடன் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே எஸ் விசையைத் தட்டுக. எழுத்து வன்தட்டில் பதியும். கோப்புக்குப் ‘புதியது’, ‘மிகப் புதியது’ எனப் பெயரிடுவாரும் உளர். மறுநாள் எது எதுவென அவர்க்கே விளங்காது! பொருளும் நாளும் தோன்றப் பெயரிடுக.

வன்தட்டும் ஒருநாள் பழுதுறும். ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும் என்றறிந்த நம் முன்னோர் படியெடுத்து வைத்தனர். படியெடுக்கப்படாத நூல்கள் பல இன்று பெயரளவிலேயே உள்ளன. அவ்வாறே கோப்பின் படியொன்றைப் பென்டிரைவில் எடுத்து வேறிடத்தில் வைக்க. அதனைக் கழற்றுமுன் வெளியேற்றும் கட்டளையைத் தருக. பதிவு முற்றுப்பெறுமுன் பிடுங்கினால் அப்படியும் சிதையும்.